பேக்டிரேடருக்கு இரண்டாவது தரகர்

பதினெட்டு ஆண்டுகள் ஒரு கடன் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தவள் நான். பங்குச் சந்தைப் பக்கம் வந்தது பிற்பாடுதான். ஸ்டேட் வங்கிப் பங்கைச் சிறிய அளவில் வாங்கி விற்கும் உத்தி ஒன்றை பேக்டிரேடரில் எழுதி, ஜெரோதா என்ற தரகர் நிறுவனம் நிரல்களுக்குத் தரும் கைட் கனெக்ட் இணைப்பு வழியாக ஓட்டிவந்தேன். அதே உத்தியை இன்னொரு தரகரான ஏஞ்சல் ஒன் கணக்கிலும் ஓட்ட ஆசை வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு வாரம் ஆயிற்று.

பேக்டிரேடர், வாங்கி விற்கும் உத்திகளைச் சோதிக்கவும் ஓட்டவும் பைத்தானில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். இன்டராக்டிவ் புரோக்கர்ஸ், ஒவாண்டா, விஷுவல் சார்ட் ஆகியவற்றுக்கான இணைப்புகள் அதனுடனேயே வருகின்றன. இந்தியத் தரகர் எவருக்கும் இல்லை. ஆனால் பின்பற்ற வேண்டிய அமைப்பு அந்த இணைப்புகளின் கோப்புகளிலேயே இருக்கிறது. உள்நுழைவும் இணைப்பும் ஸ்டோரின் வேலை; விலை கொண்டுவருவது டேட்டா; ஆர்டரும் கையிருப்பும் புரோக்கர் பகுதி. முதலில் ஒவாண்டாவின் கோப்புகளைப் படியுங்கள். இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் கோப்பில் தொடங்கினால் பாதியில் மூடிவைத்துவிடுவீர்கள்.

எதையும் எழுதுவதற்கு முன் உங்கள் உத்திக் கோப்பைத் திறந்து, தரகரின் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். என் கோப்பில் ‘எம்.ஐ.எஸ்.’ (அன்றைக்கே முடிக்கும் ஆர்டருக்கு கைட் வைத்த பெயர்) என்பது ஏழு இடத்தில் இருந்தது. உத்திக்குத் தெரிய வேண்டியது வாங்கு, விற்பனை செய், அன்றைக்கே முடி அல்லது வைத்திரு, அவ்வளவுதான். அந்த ஏழையும் நீக்கிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனேன்.

அடுத்தது சொற்பட்டியல். கைட் சி.என்.சி., எம்.ஐ.எஸ்., என்.ஆர்.எம்.எல். என்று சொல்வதை ஏஞ்சல் டெலிவரி (பங்கைக் கணக்கில் எடுத்து வைத்திருப்பது), இன்ட்ராடே (அன்றைக்கே முடிப்பது), கேரிஃபார்வர்டு (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்களை மறுநாளுக்கு வைத்திருப்பது) என்கிறது. அப்ஸ்டாக்ஸ் என்ற மற்றொரு தரகருக்கு இரண்டே எழுத்து போதும்: ‘டி’, ‘ஐ’. அங்கே ‘டி’ என்றால் டெலிவரிப் பங்கும் ஆகலாம், மறுநாளுக்கு வைத்திருக்கும் ஃபியூச்சரும் ஆகலாம். ஆகவே திரும்ப மொழிபெயர்க்கும்போது எந்தச் சந்தைப் பிரிவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் நிரல் நின்றுவிட வேண்டும். ‘தெரியாவிட்டால் டெலிவரி என்று எடுத்துக்கொள்’ என்று என் முதல் வரைவில் எழுதியிருந்தேன். அந்த வரியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பங்குகளின் அடையாளம் இதைவிடப் பெரிய தலைவலி. தேசியப் பங்குச் சந்தையில் ஸ்டேட் வங்கியின் எண் 3045. ஏஞ்சல் அதையே கேட்கிறது. கைட்டில் அதே பங்கு 779521. (256ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு 3045, மீதி 1. வேடிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம், நிரலில் நம்ப வேண்டாம்.) அப்ஸ்டாக்ஸ், ஒவ்வொரு பங்குக்கும் உலக அளவில் தரப்படும் ஐ.எஸ்.ஐ.என். எண்ணைக் கேட்கிறது. ஒவ்வொரு தரகரும் வெளியிடும் பட்டியலைத் தினமும் காலையில் இறக்கி, உங்கள் பெயருக்கும் அவர்கள் எண்ணுக்கும் பாலம் கட்டுங்கள். ஏஞ்சலின் பட்டியலில் ஸ்டிரைக் விலை (ஆப்ஷன் ஒப்பந்தத்தில் குறித்த விலை) பைசாவில் இருக்கும். நூறால் வகுக்க மறந்தால் ஆப்ஷன் எதுவுமே பொருந்தாது. பெயரின் கடைசியில் சாதாரணப் பங்கு என்று காட்ட வரும் ‘ஈ.க்யூ.’வை நீக்க முதல் இணைப்புக்கோட்டில் வெட்டினேன். பஜாஜ்-ஆட்டோ வெறும் பஜாஜாகிவிட்டது. எம்&எம் பங்கின் ‘&’ குறியை இணைய முகவரிக்கு ஏற்ப மாற்றாமல் அனுப்பினால், பெயர் முதல் எழுத்தோடு நின்றுவிடும். லாட் அளவையும் (ஒரு ஒப்பந்தத்தில் எத்தனை அலகு என்பது) நிரலில் எழுதிவைக்காதீர்கள். 2024இல் மட்டும் நிஃப்டியின் லாட் 50இலிருந்து 25க்கும், அங்கிருந்து 75க்கும் மாறியது.

உள்நுழைவு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கைட்டின் டோக்கன் (உள்நுழைந்ததும் கிடைக்கும் அனுமதிக் குறி) மறுநாள் காலை 6 மணிக்கும், அப்ஸ்டாக்ஸின் டோக்கன் அதிகாலை 3.30க்கும் காலாவதியாகும். ஏஞ்சலில் நுழைய ஒவ்வொரு முறையும் டி.ஓ.டி.பி. எனப்படும், அவ்வப்போது மாறும் கடவு எண் வேண்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2025 பிப்ரவரியில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி மாறாத ஐ.பி. முகவரியிலிருந்துதான் ஆர்டர் போக வேண்டும். இரண்டாவது தரகரிடமும் அந்த முகவரியைப் பதிவுசெய்ய மறக்காதீர்கள். என் வீட்டு இணைப்பின் முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

ஆறு வாரத்தில் நான்கு வாரத்தைத் தின்றது ஆர்டர்தான். ஆர்டர் எண் கிடைத்துவிட்டது என்றால் தரகர் பெற்றுக்கொண்டார் என்று மட்டும்தான் பொருள். சந்தை ஏற்றதா, நிராகரித்ததா என்பது பிறகுதான் தெரியும். எண் வந்ததும் ‘ஏற்கப்பட்டது’ என்று பேக்டிரேடரிடம் சொல்லாதீர்கள். ‘அனுப்பப்பட்டது’ என்பதோடு நிறுத்துங்கள்.

பகுதி பகுதியாக நிறைவேறும் ஆர்டரில் கணக்கு இடறும். தரகர் தருவது இதுவரையான மொத்தம். பேக்டிரேடர் கேட்பது இப்போது புதிதாக நிறைவேறியது. 40 பங்கு 800 ரூபாய்க்கு முடிந்தது, அடுத்த தகவலில் 100 பங்கு, சராசரி 800.60 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியது 60 பங்கு. விலை 80,060இலிருந்து 32,000ஐக் கழித்து 60ஆல் வகுத்தால் 801. நான் 100ஐ அப்படியே கொடுத்தேன். நிரல் கையில் 140 பங்கு இருப்பதாக நம்பியது. விற்பனை என்றால் அளவை எதிர்க்குறியோடு கொடுக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பணம் போன கதை. ஒரு தரகருக்கு ஆர்டர் அனுப்பினேன். பதில் வராமல் நேரம் கடந்தது. நிரல் மறுபடி அனுப்பியது. இரண்டுமே நிறைவேறிவிட்டன. விலை வினவலுக்கு மறுமுயற்சி செய்யலாம், ஆர்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. கைட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் 20 எழுத்து வரை சொந்தக் குறி வைக்கலாம். பதில் வராவிட்டால் முதலில் ஆர்டர் புத்தகத்தில் அந்தக் குறியைத் தேடுங்கள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறையும் தேடுங்கள். அப்போதும் இல்லை என்றால் நிரலை நிறுத்தி, நீங்களே போய்ப் பாருங்கள்.

நிரலை மறுபடி தொடங்கும்போது பழைய நினைவை நம்பாமல் தரகரிடமிருந்தே இருப்பை எடுங்கள். இங்கேயும் ஒரு பள்ளம். டெலிவரியில் வாங்கிய பங்கு அன்றைக்கு பொசிஷன் பட்டியலில் இருக்கும். மறுநாள் ஹோல்டிங் பட்டியலுக்குப் போய்விடும். பொசிஷனை மட்டும் படித்த என் நிரல், கை காலி என்று நினைத்து மறுநாள் காலை 9.15க்கு மறுபடி வாங்கியது. இரண்டு பட்டியலையும் படியுங்கள். ஒரே பங்கை இரண்டு முறை எண்ணிவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு ஒரே ஒரு பங்கு போதும். சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்ற ஆர்டர்) போட்டு ரத்து செய்யுங்கள். அன்றைய சர்க்யூட் எல்லைக்கு (அன்று விலை நகர அனுமதித்த வரம்புக்கு) வெளியே ஒன்று போட்டு, நிராகரிப்பு உத்திவரை வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பிறகு தினமும் 3.30க்குச் சந்தை மூடியதும், நிரலின் இருப்பையும் தரகரின் இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். சங்கத்தில் மாலையில் ரொக்கமும் பேரேடும் ஒத்துப்போகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது, அதே பழக்கம்தான். எனக்கு ஏழாம் நாள்தான் முதல் முறையாக இரண்டும் ஒத்துப்போயின.