இளைஞர் பணியாளர்களுக்கு ஏஐ பயிற்சி: நான் செய்த, இன்றும் நடக்கிற தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடத்திய இருவரும் இந்த வேலைக்குப் புதியவர்கள். நல்ல தயாரிப்பு, தெளிவான பேச்சு, எதிரில் இருபது இளைஞர் பணியாளர்கள், அதாவது மையங்களில் பதின்வயதினரோடு வேலை செய்பவர்கள். காலை முழுக்க ஏஐ எப்படிப் படம் வரைகிறது, எப்படிக் கடிதம் எழுதுகிறது என்று காட்டினார்கள். மதியம் நெறிமுறைக்கு ஒரு மணி நேரம். கடைசியில், எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருக்கும்போது, இணையப் பாதுகாப்புக்கு இருபது நிமிடம். அதில் திரையில் ஒரு வரி வந்தது: "ஆதாரத்தைச் சேகரியுங்கள்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வரியை என் ஸ்லைடிலும் ஒரு காலத்தில் போட்டிருந்தேன். அதனால் என்ன ஆனது என்று சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். கூடவே கண்ணில் பட்ட மற்ற தவறுகளும்.

கடவுச்சொல்லைப் பகிராதே, தெரியாத லிங்கைத் தொடாதே போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## கருவியைக் காட்டித் தொடங்குவது

சாட்பாட்டைத் திறந்து ஒரு கவிதை எழுதச் சொன்னால் அறை கலகலப்பாகிவிடும், அது உண்மைதான். ஆனால் அந்தப் பணியாளர் திரும்பிப் போய்ச் சந்திக்கப்போகும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கருவி அவரைவிட நன்றாகத் தெரியும். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. இன்றைய பதின்வயதினர் அதைப் பள்ளிப் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வளர்ந்தவர்கள். அவர்களோடு பேசப் பணியாளருக்குத் தெரியவேண்டியது இரண்டு. ஒன்று, இது அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது, அதனால் தெரியாததையும் தெரிந்த தொனியிலேயே சொல்லும். இரண்டு, நாம் உள்ளே தட்டுவது நம் ஃபோனில் நிற்பதில்லை, எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறது.

முதலாவதைப் புரியவைக்க நான் ஒன்றுதான் செய்கிறேன். அவரவர் வேலை செய்யும் மையத்தைப் பற்றியே சாட்பாட்டிடம் கேட்கச் சொல்கிறேன்: எத்தனை மணிக்குத் திறக்கும், என்னென்ன வகுப்புகள் நடக்கும். சில சமயம் தெரியாது என்று சொல்லிவிடும். சில சமயம் இல்லாத வகுப்புக்கு நேரமும் சேர்த்துச் சொல்லும். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி அது தடுமாறாமல் தவறு சொல்வதை ஒருமுறை பார்த்தவருக்கு அப்புறம் நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பதில்லை.

## ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவியை நம்பிப் பிள்ளையைக் குற்றம் சாட்டுவது

வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

## "படத்தை எனக்கு அனுப்பு"

இதுதான் என்னால் இன்னும் மறக்க முடியாத தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு பெண், அக்கறையானவர், குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு போனவர். ஒருநாள் அவரிடம் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்திருக்கிறாள். அவளுடைய சாதாரணப் புகைப்படத்தை எடுத்து, ஆடையை அகற்றிக் காட்டும் ஏதோ ஒரு செயலியில் போட்டு, கூடப் படிக்கும் மூன்று பையன்கள் ஒரு படம் செய்து வைத்திருந்தார்கள். அதில் ஒருவன் அதை அவளுக்கே அனுப்பியிருந்தான். பணியாளருக்கு என் ஸ்லைடு ஞாபகம் வந்தது. "எனக்கு அனுப்பிடு, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அவளும் அனுப்பினாள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதை மேலாளருக்கு அனுப்ப, மேலாளர் "இதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டு ஊழியர்களின் குழுவில் போட்டார். குழுவில் வரும் படங்கள் கேலரியில் தானாகச் சேமிக்கப்படும்படி பலருடைய ஃபோனில் இருந்தது. அங்கிருந்து கிளவுடுக்கும் தானாகவே போயிருக்கும். ஒருவருடைய கணக்கு வீட்டில் பிள்ளைகள் விளையாடும் டேப்லெட்டோடு இணைந்திருந்தது.

காலையில் மூன்று பையன்களிடம் இருந்த படம், சாயங்காலம் ஆறு பெரியவர்களிடமும் இருந்தது. ஆறு பேருமே அவளுக்கு நல்லது செய்ய நினைத்தவர்கள்.

அவளுக்கு இது தெரிந்துவிட்டது. "அவங்களும் பார்த்துட்டாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். அதற்குப் பிறகு அவள் அந்த மையத்துக்கு வரவில்லை. அன்று இரவு அந்தப் பணியாளர் எனக்கு ஃபோன் செய்தார். "ஆதாரம் எடுத்து வைக்கணும்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டார். நான் சொன்னதுதான். எந்த ஆதாரம், யார் எடுப்பது, எங்கே வைப்பது, எதைத் தொடவே கூடாது என்று ஒரு வார்த்தைகூட நான் சொல்லியிருக்கவில்லை.

மிரட்டல் செய்தி, வசைச் சொல், பணம் கேட்டு வரும் உரையாடல், இவற்றுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொல்வது சரிதான். அந்தப் பழக்கத்தை அப்படியே அந்தரங்கப் படத்துக்கும் கொண்டுவருவதில்தான் எல்லாம் கெடுகிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம், நல்ல எண்ணத்தோடு வைத்திருந்தேன் என்பது பெரும்பாலும் காப்பாற்றாது. ஏஐ செய்த படத்தையும் இதே வகையில் சேர்க்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. பிரிட்டனில் கல்வி நிலையங்களுக்காக 2020-இல் வெளியான வழிகாட்டுதல் இதை நேராகச் சொல்கிறது: படத்தைப் பார்க்காதீர்கள், நகலெடுக்காதீர்கள், பகிராதீர்கள், சேமிக்காதீர்கள், பிள்ளையிடம் அனுப்பச் சொல்லாதீர்கள், அழிக்கவும் சொல்லாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஃபோன் அவள் கையிலேயே இருக்கட்டும். எந்தச் செயலி, எந்தக் கணக்குப் பெயர், லிங்க் இருந்தால் லிங்க், முதலில் எப்போது தெரிந்தது, யார் சொன்னது, இவற்றை அவள் சொல்லும் வார்த்தைகளிலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள், அந்த விசாரணை நம் வேலை இல்லை. எழுதியதை உங்கள் அமைப்பின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே நேரில் கொடுங்கள், அவருக்கு மட்டும். படம் பரவுவதைத் தடுக்க நம் கைக்கு அது வரவேண்டியதே இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்தும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் அவளுடைய கருவியை விட்டு வெளியே போகாது. அந்தக் கருவியிலேயே படத்திலிருந்து ஒரு ஹேஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு குறியீடு, உருவாகும். அந்தக் குறியீடு மட்டும் இதில் பங்கேற்கும் சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும், அதே படம் அவர்கள் தளத்தில் இருந்தால் கண்டுபிடித்து நீக்குவதற்கு. பதினெட்டு தாண்டியவர்களுக்கு 2021-இல் தொடங்கிய 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவை இதே முறையில் இயங்குகிறது. இரண்டுக்கும் எல்லை உண்டு: பங்கேற்காத தளத்திலும், பேசுகிறவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி முழுக்க மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள்ளும் இவை எட்டாது. அதையும் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படத்தைப் பதற்றத்தில் அழிக்க விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இதுதான், அந்தக் குறியீட்டை உருவாக்க அவளுக்கே அது தேவைப்படலாம்.

இவ்வளவையும் ஸ்லைடில் போட்டால் மறந்துபோகும். நான் இப்போது இதை நடிக்கவைக்கிறேன். இரண்டிரண்டு பேராக உட்காரவேண்டும். ஒருவர் ஃபோன் திரையில் வெள்ளைத்தாள் ஒட்டிக்கொண்டு, "இதைப் பாருங்களேன்" என்று முகத்துக்கு நேராக நீட்டுவார். எதிரில் இருப்பவரின் கையைத்தான் நான் கவனிப்பேன். விதியெல்லாம் பத்து நிமிடத்துக்கு முன் படித்தவர்கள்தான், ஆனாலும் பாதிக்கு மேற்பட்டவர்களின் கை தானாக நீளும், வாங்கிக்கொள்ளும். யாராவது அழுதுகொண்டு எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்வது நம் உடம்பில் ஊறிய பழக்கம். அந்தக் கை மடியிலேயே நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

கை மடியில் நின்றால் மட்டும் போதாது. நாம் பார்க்க மறுப்பதை அந்தப் பிள்ளை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும்: நம்பவில்லை, அல்லது அருவருக்கிறார்கள். அதனால் வாயும் உடனே பேசவேண்டும். என் பயிற்சியில் எல்லோரும் சத்தமாகச் சொல்லிப் பழகும் வரி இது: "நீ சொன்னது ரொம்ப நல்லது. இது உன் தப்பு இல்ல. ஃபோன் உன்கிட்டயே இருக்கட்டும், பார்க்காமலே நான் உன்னை நம்புறேன்."

இதற்கு முழுசாக ஒரு மணி நேரம் போகிறது. கவிதை எழுதிக் காட்டும் நேரத்தைத்தான் வெட்டினேன்.

## "ஏஐ படம்தானே, நிஜம் இல்லையே"

ஆறுதலாகச் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்வது. 2023 செப்டம்பரில் ஸ்பெயினில் அல்மெந்த்ராலேஹோ என்ற ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளின் சமூக ஊடகப் படங்களை வைத்து இப்படிப் போலிப் படங்கள் செய்து பரப்பினார்கள், செய்ததும் சிறுவர்கள்தான். அடுத்த ஆண்டு பதினைந்து பேருக்கு ஓராண்டு கண்காணிப்புத் தண்டனை கிடைத்தது. உடம்பு போலியாக இருக்கலாம், முகம் அவளுடையது. மறுநாள் வகுப்புக்குப் போகவேண்டியதும் அவள்தான்.

## பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது

அறிக்கை எழுத நேரமில்லாமல், பிள்ளையைப் பற்றிய குறிப்பைச் சாட்பாட்டில் ஒட்டி "ஒழுங்காக எழுதிக் கொடு" என்று கேட்பவர்கள் நிறைய. பெயரை எடுத்துவிட்டேன் என்பார்கள். "பதினான்கு வயது, பாட்டியிடம் வளர்கிறாள், அண்ணன் சிறையில், பள்ளி அணியின் கோல்கீப்பர்" என்று மிச்சம் இருக்கும். அந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் யாரென்று சொல்லிவிடுவார்கள். அமைப்பு ஒப்பந்தம் போட்டு அனுமதித்த கருவி தவிர வேறு எதிலும் பிள்ளையின் கதையைப் போடக்கூடாது. அறிக்கையின் தலைப்புகளை எப்படி அமைப்பது என்று பொதுவாகக் கேட்கலாம், தாராளமாக.

இன்னொன்று. ஆன்லைன் சந்திப்புகளில் தானாகக் குறிப்பெடுக்கும் ஏஐ செயலிகள் இருக்கின்றன. தனியாகப் பேசவந்த பிள்ளையின் உரையாடலிலும் அது ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

## சாட்பாட்டோடு பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது

1960-களின் நடுவில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிவியலாளர், மனிதரோடு உரையாடும் 'எலைசா' என்ற நிரலை உருவாக்கினார். நாம் தட்டியதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, அதனோடு சில வரிகள் பேசியதும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். வளர்ந்த, விவரம் தெரிந்த ஒருவருக்கே அப்படி. நண்பர் போலப் பேசவென்றே செய்த இன்றைய துணைச் சாட்பாட்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன, நேற்று பேசியதை ஞாபகம் வைத்துக்கொள்கின்றன, நள்ளிரவிலும் பதில் சொல்கின்றன. இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற துணைச் சாட்பாட்டுக்குத் தடை போட்டதற்கு, வயதைச் சரிபார்க்காததும் சிறுவர்களுக்கான ஆபத்தும் காரணங்களாக இருந்தன.

ஒரு பையன் "அதுகிட்டதான் எல்லாம் சொல்வேன்" என்றால், சிரிக்கவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். எந்த நேரத்தில் பேசுவாய், என்ன சொல்லும், அது சொன்னதில் உனக்குச் சங்கடமானது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். பதிலில் உங்களுக்குத் தேவையானது இருக்கும்.

## நெறிமுறையைப் பிரசங்கமாக்குவது

சார்பு, நியாயம், வெளிப்படைத்தன்மை என்று சொற்களாக அடுக்கினால் ஒன்றும் ஒட்டாது. நான் 2020 இங்கிலாந்தைச் சொல்கிறேன். கொரோனாவால் தேர்வு ரத்து, மாணவர்களின் மதிப்பெண்ணை முடிவுசெய்ய ஒரு அல்காரிதம், அது பள்ளியின் பழைய ஆண்டுத் தேர்ச்சியையும் கணக்கில் எடுத்தது. ஆசிரியர் மதிப்பிட்டதைவிடக் கிட்டத்தட்ட 40 சதவீத கிரேடுகள் குறைந்துபோயின. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், சில நாட்களில் அரசு பின்வாங்கியது. இதில் வருவது நம் பணியாளர்கள் தினமும் பார்க்கும் வயதுப் பிள்ளைகள். முடிவெடுத்தது யார், இழந்தது யார், முறையிட எங்கே போவது என்று மூன்றே கேள்வி கேட்டு உட்கார்ந்துவிடுவேன். அரை மணி நேரம் அவர்களே பேசுவார்கள்.

## "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது

கொடுக்கவே கூடாது. பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லவேண்டியிருக்கும்.

## யாரை அழைப்பது என்று தெரியாமலே பயிற்சியை முடிப்பது

கடைசிப் பத்து நிமிடம் எல்லோருக்கும் ஒரு சின்ன அட்டை தருகிறேன். உங்கள் அமைப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் பெயர், அவருடைய எண், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார். ஃபோனைப் பார்க்காமல் எழுதவேண்டும். சென்ற முறை நான்கு அட்டைகள் காலியாகத் திரும்பி வந்தன. அந்த நான்கு பேரையும் அங்கேயே உட்காரவைத்து, அவரவர் அலுவலகத்துக்கு ஃபோன் போடச் சொன்னேன். அதில் ஒரு அலுவலகத்தில் அந்தப் பொறுப்புக்கு யாரையும் நியமிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.