லேப்டாப்பை மாற்றவில்லை, பிரவுசரை மாற்றினேன்

என்னுடையது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். பத்து டேப் திறந்தாலே ஃபேன் இரைய ஆரம்பித்துவிடும். தட்டிய எழுத்து திரைக்கு வர இரண்டு நொடி ஆகும். புதிதாக வாங்கத்தான் வேண்டுமோ என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் பிரவுசருக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். எந்த டேப் எவ்வளவு மெமரி தின்கிறது என்ற பட்டியல் வந்தது. ஒரே ஒரு செய்தித் தளம் 600 எம்பிக்கு மேல்! எல்லாம் விளம்பரமும் தானாக ஓடும் வீடியோவும்தான். கூடவே, எப்போதோ போட்டு மறந்த ஐந்து எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்கள். முதலில் அவற்றை நீக்கினேன். பாதி பாரம் அப்போதே இறங்கியது.

அப்புறம் ஃபயர்பாக்ஸுக்கு வந்தேன். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாவற்றுக்கும் குரோமியம் என்ற ஒரே மென்பொருள்தான் அடித்தளம். ஃபயர்பாக்ஸில் பக்கங்களைத் திரையில் காட்டும் கெக்கோ எஞ்சின் தனி. நான் மாறியதற்கு முக்கியக் காரணம் யுபிளாக் ஆரிஜின் என்ற, விளம்பரங்களைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன். ஃபயர்பாக்ஸில் அது முழு பலத்தோடு வேலை செய்கிறது, ஆண்ட்ராய்டு போனில் உள்ள ஃபயர்பாக்ஸிலும் போட்டுக்கொள்ளலாம். அந்தச் செய்தித் தளம் இப்போது சட்டென்று திறக்கிறது. புக்மார்க்குகளை இம்போர்ட் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் வங்கியின் தளம் மட்டும் இதில் சரியாக வருவதில்லை. சரி, அந்த ஒரு வேலைக்கு எட்ஜை வைத்திருக்கிறேன்.