உப்புத் தண்ணீரில் பச்சைப்பயறு முளைக்குமா? பள்ளி ஆய்வுத் திட்டம் செய்யப் பழகுவோருக்கு ஒரு முழுச் செய்முறை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குள் நுழைந்தால் தெர்மாகோல் எரிமலை, சுற்றும் சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிப்புத் தொட்டி என்று வரிசையாக நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவை ஆய்வு அல்ல. தெரிந்த விஷயத்தைச் செய்து காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. ஆய்வு என்றால், செய்து முடிக்கும்வரை விடை நமக்கே தெரியாத ஒரு கேள்வி இருக்க வேண்டும். அந்த விடையும் "நன்றாக இருந்தது", "அதிகமாக இருந்தது" என்று வராமல் எண்ணாகக் கைக்கு வர வேண்டும். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பதும் இதையே: உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து பார்த்து, கண்டதை எழுதுங்கள்.

ஆய்வு வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு சோதனையைத் தொடக்கம் முதல் கடைசி வரை செய்வோம். செலவு மிகக் குறைவு. ஆய்வகமும் தேவையில்லை.

எந்த வகை ஆய்வு?

கேள்விதான் வகையைத் தீர்மானிக்கிறது. ஏதாவது ஒன்றை நாமே மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தால் அது சோதனை. இன்று செய்யப்போவது இந்த வகை.

எதையும் மாற்றாமல் இருப்பதைப் பார்த்து எண்ணுவது கள ஆய்வு. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல மாதிரி. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை இனவாரியாக எண்ணிப் பட்டியல் தருகிறார்கள். பள்ளி வளாகத்தில் இதைச் செய்வதென்றால் இடம், நேரம், கால அளவு மூன்றும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு நாள் காலை 7 மணி, மறுநாள் மதியம் 1 மணி என்று எண்ணினால், தெரிவது பறவைகளைப் பற்றியல்ல, வெயிலைப் பற்றி. ஒரு பறவைகூட வராத நாளில் 0 என்று எழுத வேண்டும். எழுதாமல் விடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு.

மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது கணக்கெடுப்பு. கேள்வித்தாளைக் கூட்டாளிகள் பத்துப் பேரிடம் நீட்டினால், உங்கள் கூட்டாளிகளைப் பற்றித்தான் தெரியவரும். தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியின் சொற்களிலும் கவனம் வேண்டும். "பிளாஸ்டிக் கெடுதல் என்று தெரிந்தும் பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்? "நேற்று கடையிலிருந்து எத்தனை பிளாஸ்டிக் பை வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டால் எண் கிடைக்கும். பெயரைக் குறிக்காதீர்கள், வீட்டு எண் போதும்.

ஏற்கெனவே யாரோ சேர்த்த தரவை வைத்தும் ஆய்வு செய்யலாம். மழையளவு சுலபமானது. ஒரு சங்கதி மட்டும் நினைவில் இருக்கட்டும்: வானிலை ஆய்வுத் துறையின் ஒரு நாள் மழையளவு என்பது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கு. நீங்கள் மாலை 6 மணிக்கு அளந்துவிட்டு அதோடு ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது.

கருவி செய்தே தீருவேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரே கருவியை இரண்டு விதமாகச் செய்து, எது எவ்வளவு மேல் என்று அளந்து காட்டினால் அதுவும் ஆய்வுதான்.

கேள்வியைச் சிறிதாக்குவது

கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பாகி வருவது பலருக்கும் தெரிந்த கதை. "உப்புத் தண்ணீர் பயிரைப் பாதிக்குமா?" என்பது கேள்வி மாதிரி தெரியும், ஆனால் அளக்க முடியாது. எந்தப் பயிர்? எவ்வளவு உப்பு? பாதிப்பு என்றால் என்ன? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினால் கேள்வி தானாகச் சிறுத்துவிடும்: "லிட்டருக்கு 0, 2, 5, 10, 20 கிராம் உப்புள்ள தண்ணீரில், 72 மணி நேரத்தில், பச்சைப்பயறு எத்தனை சதவீதம் முளைக்கிறது, வேர் எத்தனை மில்லிமீட்டர் வளர்கிறது?"

அளவுகளைக் குருட்டாம்போக்கில் எடுக்கவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், வேறு தண்ணீர் கிடைக்காதபோது லிட்டருக்கு 2 கிராம் வரை கரைந்த உப்புகளை அனுமதிக்கிறது. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். இரண்டுக்கும் இடைப்பட்ட தண்ணீரைத்தான் சோதிக்கிறோம்.

தொடங்கும் முன்பே உங்கள் ஊகத்தைத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதுதான் கருதுகோள். அது தப்பாகப் போனால் மதிப்பெண் குறையாது. முடிவைப் பார்த்துவிட்டு ஊகத்தைத் திருத்தினால்தான் அந்த ஆய்வு செல்லாது.

வேண்டியவை

முழுப் பச்சைப்பயறு 100 கிராம் (பாதிக்கு மேல் மிஞ்சும்), பொடியுப்பு, ஒரே அளவுள்ள மூடி போட்ட பார்சல் டப்பா 20, டிஷ்யூ பேப்பர், மருந்துக் கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சு ஊசியில்லாமல் ஒன்று, டிஜிட்டல் சமையலறைத் தராசு, ஸ்கேல், நூல். தண்ணீருக்கு ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம். பல ஊர்களில் அதிலேயே லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருக்கும். அப்படியானால் உங்கள் "0 கிராம்" டப்பா பூஜ்யமே இல்லை.

பயறு மளிகைக் கடையில் வாங்கியதே போதும். விதைக் கடையில் நிறச்சாயம் பூசி விற்பதை வாங்காதீர்கள். அது பூசணக்கொல்லி, கையில் படக் கூடாது. வாங்கியதும் 20 விதையை வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இரண்டு நாளில் 17, 18 முளைக்காவிட்டால் அது பழைய பயறு, வேறு கடை பாருங்கள்.

உப்புக் கரைசல்

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 200 மி.லி. தண்ணீரில் 2 கிராம் அளவுக் கரைசல் செய்ய 0.4 கிராம் உப்பு வேண்டும். ஒரு கிராமுக்குக் குறைந்து காட்டாத தராசால் அதை நிறுக்கவே முடியாது. அதனால் முதலில் அடர்த்தியான தாய்க்கரைசல் ஒன்று செய்து, அதைத் தண்ணீர் சேர்த்து நீர்க்க வைக்கிறோம். 20 கிராம் உப்பை 800 மி.லி. தண்ணீரில் கரைத்து, பிறகு மொத்தம் 1 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்க்கவும். (1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் போடுவது வேறு, மொத்தம் 1 லிட்டர் ஆக்குவது வேறு.) தராசு ஒரு கிராம் தப்பினாலும் இப்போது பிழை 5 சதவீதம்தான்.

20 மி.லி. தாய்க்கரைசலும் 180 மி.லி. தண்ணீரும் சேர்ந்தால் 2 கிராம் அளவு. 50-க்கு 150 சேர்த்தால் 5 கிராம். 100-க்கு 100 என்றால் 10 கிராம். தாய்க்கரைசல் அப்படியே 20 கிராம். வெறும் தண்ணீர் 0.

டப்பாக்களைக் குலுக்கிப் போடுவது

ஒவ்வோர் அளவுக்கும் 4 டப்பா, டப்பாவுக்கு 25 விதை. ஆக 500 விதை. "ஒரே பெரிய டப்பாவில் 100 விதை போட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். அந்த ஒரு டப்பாவில் பூஞ்சணம் பிடித்தால் நூறும் போச்சு. அது உப்பால் வந்ததா, டப்பாவால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. விதைப் பரிசோதனை நிலையங்களும் 400 விதையை நூறு நூறாகப் பிரித்துத்தான் வைக்கின்றன.

20 சீட்டு எழுதுங்கள், ஒவ்வோர் அளவும் நான்கு சீட்டில் வர வேண்டும். டப்பாக்களுக்கு 1 முதல் 20 வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எடுங்கள். எந்த எண்ணுக்கு எந்த அளவு என்ற பட்டியலை, கரைசல் ஊற்றி முடிந்ததும் ஒரு கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். பிறகு 1, 2, 3 என்ற வரிசையிலேயே அலமாரியில் அடுக்குங்கள். இந்த ஒரே குலுக்கலில் இரண்டு காரியம் நடக்கிறது. சன்னலோரத்துச் சூடு எந்த ஓர் அளவுக்கும் மட்டும் போய்ச் சேராது. டப்பாவைப் பார்த்தால் எது உப்பு, எது வெறும் தண்ணீர் என்றும் தெரியாது. இடத்தைக் குலுக்கலில் விடும் இந்த வழக்கத்தை 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்டு ஃபிஷர் வயல் சோதனைகளுக்கு முறையாக்கினார்.

கரைசல் ஊற்றுபவர் ஒருவராகவும், நாளை அளப்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும். எது உப்பு டப்பா என்று தெரிந்த கண், அரைகுறையாக முளைத்த விதையை "முளைக்கவில்லை" என்றே பார்க்கும். பொய் சொல்வதாக அவருக்கே தோன்றாது.

டப்பாவில் டிஷ்யூ பேப்பரை இரண்டாக மடித்து விரித்து, 10 மி.லி. கரைசலைச் சிரிஞ்சால் ஊற்றி, 25 விதையை ஐந்துக்கு ஐந்து வரிசையாக அடுக்குங்கள். டப்பாவைச் சாய்த்தால் தண்ணீர் ஓடக் கூடாது. ஓடினால் 20 டப்பாவிலும் ஒரே அளவு குறையுங்கள். விதையை முன்கூட்டியே வெறும் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். வீட்டில் முளைகட்டும் பழக்கத்தில் கை தானாக அதைச் செய்துவிடும். விதை குடிக்க வேண்டிய தண்ணீரை நல்ல தண்ணீராகவே குடித்துவிட்டால், பிறகு உப்புக்கு அங்கே வேலை மிச்சமில்லை.

மூடியோடு ஒவ்வொரு டப்பாவையும் நிறுத்து எடையைக் குறியுங்கள். தினமும் நிறுத்து, குறைந்த எடைக்கு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே இருக்கிறது. உப்புக் கரைசலையே ஊற்றிக்கொண்டு வந்தால் 10 கிராம் டப்பா மூன்றாம் நாள் 13, 14 கிராமுக்குப் போய் நிற்கும்.

அளப்பது

24, 48, 72 மணி நேரத்தில் எண்ண வேண்டும். "முளைத்தது" என்றால் என்ன என்று முதலிலேயே எழுதிவைக்கவும்: வேர் 2 மி.மீ. வெளியே வந்திருக்க வேண்டும். ஊறாமல் கல் மாதிரி கிடக்கும் விதைகளைத் தனியே எண்ணுங்கள். அவற்றின் தோல் தண்ணீரையே விடாது, பழியை உப்பின்மேல் போட முடியாது.

72-ஆம் மணியில் டப்பாவுக்கு 5 விதையின் வேரை அளக்கவும். எந்த ஐந்து என்பதையும் சீட்டே சொல்லட்டும். நாமே எடுத்தால் நீளமானதைத்தான் எடுப்போம். முளைக்காத விதை வந்தால் விட்டுவிட்டு அடுத்த சீட்டு எடுப்பதா, 0 என்று எழுதுவதா என்பதை முன்பே முடிவு செய்து அறிக்கையிலும் சொல்லுங்கள். வேர் வளைந்திருந்தால் நூலை அதன்மேல் ஓட்டி, நூலை ஸ்கேலில் வைத்து அளக்கலாம்.

நோட்டில் பேனாவால் எழுதுங்கள். தப்பினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதவும். அழிப்பான் வேண்டாம். அசல் எண்கள் அடித்தல் திருத்தலோடு அப்படியே இருக்க வேண்டும். "அழகாகப் படியெடுத்த நோட்டு" நடுவர்களுக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

எண்களைப் படிப்பது

கவரைப் பிரித்து, அளவுவாரியாகத் தொகுங்கள். கணக்கு புரிவதற்காகச் சில கற்பனை எண்கள்: 0 கிராமில் நான்கு டப்பாவிலும் 24, 23, 25, 22 முளைத்தால் சராசரி 23.5, அதாவது 94 சதவீதம். 2 கிராமில் 23, 24, 21, 25. சராசரி 23.25. "உப்பால் முளைப்பு குறைந்தது" என்று எழுதலாமா? கூடாது. இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒரே அளவுள்ள டப்பாக்களுக்குள் இருக்கும் வித்தியாசமே அதைவிடப் பெரியது. 10 கிராமில் 19, 12, 21, 16 வந்தால் சராசரி 17. மிக அதிகமான 21-கூட, உப்பில்லாத டப்பாக்களின் மிகக் குறைவான 22-ஐ எட்டவில்லை. இங்கே தைரியமாகச் சொல்லலாம். சராசரியோடு குறைந்த எண், கூடிய எண் இரண்டையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

முளைப்பு சதவீதம் அசையாமல் வேர் நீளம் மட்டும் சுருங்கினால் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் உப்பு முதலில் வளர்ச்சியில்தான் கைவைக்கும். அதற்காகத்தான் இரண்டையும் அளந்தோம்.

வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. எக்செலில் கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் 0, 2, 5, 10, 20 ஐந்தையும் சம தூரத்தில் வைத்துவிடும். 10-க்கும் 20-க்கும் உள்ள தூரம் 0-க்கும் 2-க்கும் உள்ள தூரத்தைப் போல ஐந்து மடங்கு இருக்க வேண்டும். சிதறல் வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வரைபடத்தாளில் கையால் போடுங்கள்.

அறிக்கை

கேள்வி, ஊகம், செய்த முறை, எண்கள், அவற்றிலிருந்து சொல்லக்கூடியது, சொல்ல முடியாதது. இவ்வளவுதான். முறையைப் படித்து இன்னொரு பள்ளி அப்படியே திரும்பச் செய்ய முடிய வேண்டும். "சிறிது உப்பு", "போதிய தண்ணீர்" என்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். சொல்ல முடியாததையும் மறைக்காமல் எழுதுங்கள்: டிஷ்யூ பேப்பரில் நடந்தது மண்ணில் நடக்கும் என்று இந்தச் சோதனை காட்டவில்லை, போர்த் தண்ணீரில் சமையல் உப்பு மட்டும் இருப்பதில்லை, மூன்று நாளுக்குப் பிறகு செடி என்ன ஆகும் என்றும் பார்க்கவில்லை.

டப்பாக்களை உடனே கழுவிவிடாதீர்கள். 20 கிராம் டப்பாவில் முளைக்காத விதைகளை எடுத்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, புதிய டிஷ்யூ பேப்பரில் வெறும் தண்ணீர் விட்டு வையுங்கள். முளைத்தால், உப்பு அவற்றைத் தண்ணீர் குடிக்கவிடாமல் தடுத்து மட்டும் வைத்திருந்தது. ஊறி, மெத்தென்று அழுகினால், கொன்றேவிட்டது. எது என்பது இன்னும் மூன்று நாளில் தெரிந்துவிடும்.