தலைக்குக் கரண்ட் வைக்கும் முன் ஞாபகசக்தியைப் பற்றியும் கேளுங்கள்

வீட்டில் யாருக்காவது மூளையில் இருக்கும் புற்றுநோய்க் கட்டிக்காக மூளை முழுவதற்கும் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, தேதி குறித்துவிட்டார்களா? கட்டியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். ஞாபகசக்தி என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

புது நினைவுகளைப் பதிய வைப்பது ஹிப்போகேம்பஸ். மூளையின் இரண்டு பக்கமும் கடல்குதிரை மாதிரி வளைந்து கிடக்கும் சின்னப் பகுதி, அங்கே இருக்கும் ஸ்டெம் செல்கள், அதாவது புது நரம்பு செல்களை உருவாக்கும் செல்கள், கதிர்வீச்சில் சீக்கிரம் அடிபடும். அதனால் "ஹிப்போகேம்பஸை விட்டுவிட்டுக் கரண்ட் வைக்க முடியுமா?" என்று கேளுங்கள். முகத்துக்கு மாஸ்க் செய்து ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடும்போதே முடிவாகும் விஷயம் இது, பாதியில் போய்க் கேட்பதில் அவ்வளவு பயனில்லை. 2020இல் வெளியான, 518 நோயாளிகள் கலந்துகொண்ட ஆய்வில் இப்படிச் செய்தவர்களுக்கு மறதியும் தடுமாற்றமும் குறைவாக இருந்தன, ஆயுளிலும் குறை வரவில்லை. கட்டி அந்த இடத்தை ஒட்டியே இருந்தால் மட்டும் இது சரிப்படாது. அந்த ஆய்வில் எல்லோருக்குமே மெமண்டைன் என்ற, மறதி நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள், அதைப் பற்றியும் கேளுங்கள். கட்டிகள் ஒன்றிரண்டுதான் என்றால், மூளை முழுவதற்கும் கொடுக்காமல் கட்டிக்கு மட்டும் குறிவைத்துக் கொடுக்கலாமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ஞாபகசக்திக்குத் துணை நிற்கும் ஒரு புரதம். பி.டி.என்.எஃப் என்று ஒன்று நம் மூளையிலேயே சுரக்கிறது, 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நரம்பு செல்களைச் சாகவிடாமல் தாங்கிப் பிடிப்பது, இணைப்புகளை வளர்ப்பது எல்லாம் இதன் வேலை. ஆனால் தயவுசெய்து "மூளைக்கான புரதம்" என்று யாராவது டப்பாவில் விற்றால் வாங்காதீர்கள், எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் வயிற்றில் செரித்துவிடும், முழுசாக மூளைக்குப் போகாது.

பி.டி.என்.எஃப்பை உடம்பே சுரக்க வைக்க எளிய வழி நடைதான். அமெரிக்காவில் 120 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வில், வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை, ஒரு வருடம் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2% வளர்ந்தது, வளர்ச்சி கூடியவர்களுக்கு ரத்தத்தில் இந்தப் புரதமும் கூடியிருந்தது. அவர்கள் கரண்ட் வைத்துக்கொண்டவர்கள் இல்லை. ஆனால் கதிர்வீச்சு பட்ட எலிகளை ஓடவிட்டபோது ஹிப்போகேம்பஸில் புது நரம்பு செல்கள் கூடின, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

முதலில் வாசலில் பத்து நிமிடம் போதும். வலிப்பு வந்தவர், தள்ளாடுபவர், பிளேட்லெட் குறைந்தவர் என்றால் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள், கூட ஒருவர் நடக்கட்டும். முதல் கரண்டுக்கு முன்பே ஒரு நினைவாற்றல் பரிசோதனையும் எடுத்து வையுங்கள், நான்கு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.