பூஜாங் பள்ளத்தாக்குக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடாரம் (கெடாவின் பழைய தமிழ்ப் பெயர்) தொலைதூர ஊரன்று; ஜெராய் மலை தெரியும் திசையில் மெர்போக் வரை போனால் பூஜாங் பள்ளத்தாக்கில் அதன் எச்சங்களைக் கண்ணால் காணலாம். ஆயினும், பள்ளி விடுமுறையில் பேருந்து அமர்த்திக்கொண்டு அங்கே செல்வோரில் பலர் பாதியை மட்டும் பார்த்து, அதையும் தவறாகப் புரிந்துகொண்டு திரும்புகின்றனர்.

பேருந்தின் ஒலிவாங்கியிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது: “ராஜேந்திர சோழன் கட்டிய கோயில்களைப் பார்க்கப் போகிறோம்.” ராஜேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தைத் தாக்கியது உண்மை, தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள அவனது மெய்க்கீர்த்தியே அதைச் சொல்கிறது. ஆனால் படையெடுத்தது வேறு, கோயில் கட்டியது வேறு. 1834இல் ஜேம்ஸ் லோ என்பவர் பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் கண்டெடுத்த, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனின் (பெருங்கப்பல் தலைவனின்) பெயர் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதாவது, சோழர் கப்பல்கள் வருவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இக்கரையில் பௌத்த வணிகர் நடமாட்டம் இருந்திருக்கிறது. போருக்கு முந்திய நட்பையும் நாம் மறந்துவிடுகிறோம். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்திருந்தான். பெருமை பேச ஆசையிருந்தால், வாளைவிட இந்தத் தானத்தைப் பேசுவது பொருத்தம் என்பது என் எண்ணம்.

கோபுரத்தை எதிர்பார்த்து மலையேறுவது அடுத்த தவறு. மெர்போக் அருங்காட்சியக வளாகத்திலுள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டியில் (பழங்கோயிலைச் சண்டி என்பர்) எஞ்சியிருப்பது கருங்கல் அடித்தளம், அதைக் கண்டதும் “இவ்வளவுதானா?” என்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோர் உண்டு. சற்றுக் குனிந்து தூண் நின்ற கற்களைக் கவனித்தால், மேலே மரத்தூண்களும் மரத்தாலான கூரையும் இருந்து மட்கிப்போன கதை விளங்கும். கருவறைப் பகுதி எது, முன்மண்டபம் எது என்றும் பிரித்தறியலாம்.

அதே அருங்காட்சியக வளாகத்திலுள்ள பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் சண்டிகள் வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மீண்டும் அடுக்கப்பட்டவை. இது தெரியாதவர், மலைச்சரிவில் கோயில்கள் அடுத்தடுத்து நின்றன என்று நினைத்துக்கொள்வார். ‘பெங்காலான்’ என்றாலே படகுத்துறை. அந்தக் கோயில் நின்றது ஆற்றோரத்தில், வணிகம் நடந்த இடத்தில்.

அருங்காட்சியகத்தோடு பயணத்தை முடித்துக்கொண்டு சுங்கை பத்து அகழாய்வுத் தளத்தை விட்டுவிடுவதும் பெரிய இழப்புதான். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம், காற்றூதிய மண்குழாய்கள், செங்கல் படகுத்துறைகள் ஆகியவை அங்கே வெளிப்பட்டுள்ளன. கடல் அக்காலத்தில் இன்னும் உள்ளே வந்திருந்ததால்தான் இன்றைய நிலப்பகுதியில் துறை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்டதாக அறிவிக்கப்பட்ட காலக்கணிப்புகள் ஆய்வாளரிடையே இன்னும் வாதத்துக்குரியவை என்பதால், அவற்றை முடிந்த முடிவாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம்.

உடைந்த செங்கல்தானே என்று ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வதும், அடித்தளத்தின்மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் கூடாது. 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது 2013இல் தெரியவந்தபோது எழுந்த கொதிப்பை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

வெட்டவெளியான சுங்கை பத்துவுக்குக் காலையிலேயே சென்றுவிட்டு, மரநிழலும் ஓடையும் உள்ள மலைச்சரிவை வெயில் ஏறிய பின் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து, நண்பகலில் முதியவர்களை வாட்டுகின்றனர்.