மர விமானம் கட்டத் தொடங்குபவர்களுக்கு: இறக்கையின் முதல் விலா

இருவர் அமர்ந்து நெடுந்தூரம் பறக்கும் விமானத்தை மரத்தாலேயே கட்டலாம். இத்தாலியரான ஸ்டெலியோ ஃப்ராட்டி வடிவமைத்த ஃபால்கோ 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. வேகமான அந்த மர விமானத்தைப் பின்னாளில் பலர் வரைபடம் வாங்கி வீட்டிலேயே கட்டினார்கள். எஞ்சின் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான விலா ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். மரமும் பசையும் உங்கள் கைக்குப் பழக அதைவிட நல்ல பாடம் இல்லை.

முதலில் மரம். சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் எடைக்கு மிஞ்சிய வலிமை கொண்டது. மரத்தின் நார் ஓடும் ரேகை நேராக இருக்க வேண்டும். 15 அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள். முடிச்சும் பிசின் பையும் விலாவுக்கு ஆகாது.

அடுத்து அச்சு. சமதளமான பலகையில் விலாவை முழு அளவில் வரைந்து, விலாவின் குச்சிகளைப் பிடித்துவைக்கக் கோட்டை ஒட்டிச் சிறு மரக்கட்டைகளைப் பொருத்துங்கள். காகித நகல் ஈரத்தில் நீளும் என்பதால் அளவுகளை எண்களோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பசை பிடிக்காதிருக்க மேலே பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். விலாவின் முன்முனையான மூக்குப் பக்கம் வளையும் குச்சியை வெந்நீரில் ஊறவைத்து, அச்சில் வளைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

இனி ஒட்டுதல், என் பார்வையில் விமானத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்தால் தூசி மரத்தின் நுண்துளைகளை அடைக்கும். கூரான இழைப்புளியால் சீவுங்கள். எபாக்சி என்ற பசையின் இரு பாகங்களையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண்ணளவு போதாது. இரு முகங்களிலும் பூசி, மூட்டுகளின் மேல் மெல்லிய பிர்ச் பிளைவுட் துண்டுகளை வைத்து மிதமாக அழுத்துங்கள். அதிகம் இறுக்கினால் எபாக்சி வெளியே பிதுங்கி மூட்டு வறண்டுபோகும். ஒரு பக்கம் இறுகிய பிறகு விலாவை எடுத்துத் திருப்பி, மறுபக்கத் துண்டுகளை ஒட்டுங்கள்.

ஒவ்வொரு கலவையிலும் இரண்டு மிச்சத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிவையுங்கள். நன்கு இறுகிய பின் உளியால் பிளந்து பாருங்கள். மரம் கிழிந்து, அதன் நார் இரு முகங்களிலும் ஒட்டியிருந்தால் மூட்டு தேறியது. பசை மட்டும் பளபளவென்று பிரிந்து வந்தால், அந்தக் கலவையில் ஒட்டிய விலாவை எவ்வளவு அழகாக இருந்தாலும் கழித்துவிடுங்கள். தேறிய விலாவை எடைபோட்டு, எடையையும் தேதியையும் அதன்மேலேயே எழுதி, அதே அச்சில் அடுத்ததைத் தொடங்குங்கள்.