ஐ.பி. டிப்ளமோ படித்துவிட்டு எம்.பி.பி.எஸ். சேர என்னென்ன செய்ய வேண்டும்: கோத்தகிரியிலிருந்து ஒரு அப்பா

கோத்தகிரி பக்கம் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியின் விடுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊழியர் பிள்ளைகளுக்கான கட்டணச் சலுகையில் என் மகள் அங்கேயே ஐ.பி. டிப்ளமோ (இன்டர்நேஷனல் பாக்கலரேட், பதினொன்று, பன்னிரண்டுக்கான பன்னாட்டுப் பாடத்திட்டம்) முடித்தாள், இப்போது எம்.பி.பி.எஸ். முதல் வருஷம். பத்தாவது முடிகிற சமயத்தில் தெரிந்த பெற்றோர் யாராவது அலுவலகத்துக்கு வந்து, "அண்ணா, இந்தப் படிப்பு படிச்சா நம்ம ஊர்ல டாக்டருக்குச் சேர முடியுமா?" என்று கேட்காத வருஷமே கிடையாது. முடியும். ஆனால் அதற்கான முதல் வேலை பன்னிரண்டாவதில் இல்லை, பதினோராம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவத்தில் இருக்கிறது. அங்கே தவறினால் பிறகு எவ்வளவு நன்றாகப் படித்தாலும் சரிசெய்வது கஷ்டம்.

விஷயம் இதுதான். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர நீட் எழுதியே ஆக வேண்டும், தரவரிசையும் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான். ஐ.பி.யில் 45-க்கு 45 வாங்கினாலும் அது தகுதிக்கு மட்டும்தான் கணக்கு. அந்தத் தகுதிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கிலும் தனித்தனியாகத் தேறியிருக்க வேண்டும், முதல் மூன்றுக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச சதவீதம் ஏதும் கேட்கிறார்களா என்று அந்த வருஷக் கையேட்டில் பாருங்கள். சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும்.

இப்போது ஐ.பி.யின் அமைப்பைப் பாருங்கள். மொத்தம் ஆறு பாடம்: மொழி, இரண்டாம் மொழி, சமூக அறிவியல், அறிவியல், கணிதம், கலை என்று குழுவுக்கு ஒன்று, கலைக்குப் பதிலாக இன்னொரு அறிவியல் எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் சாதாரணமாக இரண்டு அறிவியல் பாடம்தான் வரும், நமக்கோ மூன்று வேண்டும். பயோவும் கெமிஸ்ட்ரியும் இருந்தால் போதும் என்று சீனியர் பிள்ளைகள் சொல்வார்கள், அவர்கள் மனதில் இருப்பது இங்கிலாந்து. அங்கே பல கல்லூரிகளுக்கு அது போதும். இங்கே இயற்பியல் இல்லாமல் நீட் தகுதியே கிடையாது.

வழி இரண்டு. ஒன்று, 'நான்-ரெகுலர் டிப்ளமோ'. பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு வேறொரு பாடம் கட்டாயம் என்று ஆதாரம் காட்டினால், வழக்கமான ஒரு பாடத்தை விட்டுவிட்டு மூன்றாவது அறிவியலை எடுக்க ஐ.பி. நிர்வாகம் அனுமதிக்கும். பள்ளியின் ஐ.பி. கோஆர்டினேட்டர்தான் விண்ணப்பிக்க வேண்டும், படிப்பு தொடங்குவதற்கு முன்பே. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி உள்ள பக்கத்தைப் பிரின்ட் எடுத்து நீங்களே அவர் கையில் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், என் மகள் எக்கனாமிக்ஸை விட்டு இயற்பியல் எடுத்தாள். இன்னொரு வழி, ஆறு பாடத்தோடு ஏழாவதாக ஒரு அறிவியலைச் சேர்த்துப் படிப்பது. ஐ.பி.யில் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற நீண்ட ஆய்வுக் கட்டுரை, தியரி ஆஃப் நாலெட்ஜ் என்ற தனி வகுப்பு, ஒவ்வொரு பாடத்துக்கும் பள்ளியிலேயே செய்யும் இன்டர்னல் அசெஸ்மென்ட் என்று ஏற்கெனவே மூச்சு முட்டும், அதற்கு மேல் நீட்டும் இருக்கிறது. ஏழு பாடம் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

கேம்பிரிட்ஜ் ஏ லெவல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. மூன்று அறிவியலும் அழகாக அமைந்துவிடும், ஆங்கிலம் மட்டும் பத்தாம் வகுப்பு அளவிலான ஐ.ஜி.சி.எஸ்.இ.யோடு நின்றுபோகும். பன்னிரண்டாம் வகுப்பு அளவில் ஆங்கிலமும் தேறியிருக்க வேண்டும் என்பது விதி, அதனால் ஏ.எஸ். (ஏ லெவலின் முதல் பாதி) அளவிலாவது ஆங்கிலத்தைச் சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டு வாரியச் சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று சொல்லும் இடம் ஏ.ஐ.யூ., அதாவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். டிப்ளமோவில் தேற குறைந்தது 24 புள்ளி வேண்டும். முழு டிப்ளமோவாக முடிக்காமல் தனித்தனிப் பாடச் சான்றிதழோடு வெளியே வந்தால் வீண் தலைவலி. எந்தப் பாடத்தை ஹையர் லெவலில் (கூடுதல் ஆழத்தில்) எடுப்பது என்று முடிவு செய்யும் முன் ஏ.ஐ.யூ.வுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள், வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள்.

அடுத்தது நீட் படிப்பு. ஐ.பி. பிள்ளைகள் காரணம் கேட்டுப் படித்துப் பழகியவர்கள், விளக்கமாக எழுதத் தெரியும். நீட்டில் மூன்று மணி நேரத்தில் 180 கேள்வி: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும், மொத்தம் 720. கால்குலேட்டர் கிடையாது. இரண்டு வருஷமும் கால்குலேட்டரோடு இயற்பியல் கணக்குப் போட்ட பிள்ளை, 0.0821-ஐக் கையால் பெருக்கச் சொன்னால் திணறிவிடும். என் மகள் முதல் மாடல் டெஸ்டில் நேரம் இழந்தது அங்கேதான். பதினோராவது தொடக்கத்திலேயே தினமும் பத்துக் கணக்காவது கையால் போடச் சொல்லுங்கள்.

பாடத்திட்ட இடைவெளியும் இருக்கிறது. 2025-இல் இருந்து தேர்வு நடக்கும் புதிய ஐ.பி. இயற்பியலில் ஆப்ஷன் பகுதிகளையே எடுத்துவிட்டார்கள், லென்ஸ் கணக்குகள் அதோடு போய்விட்டன. நீட்டில் லென்ஸ் கணக்குகள் வரும் ரே ஆப்டிக்ஸ் உண்டு, செமிகண்டக்டரும் உண்டு. வேதியியலில் பி-பிளாக் தனிமங்கள், உயிரியலில் தாவரக் குடும்பங்கள், பூவின் அமைப்பு எல்லாம் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி வரியாகப் படித்தால்தான் வரும். 11, 12 இரண்டு வகுப்புக்கும் அந்தப் புத்தகங்களை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். கோச்சிங்குக்காகக் கோயம்புத்தூருக்கு ஏறி இறங்கிப் பார்த்தோம், மலைப்பாதையிலேயே ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் ஆன்லைன் வகுப்பும் வாரம் ஒரு மாடல் டெஸ்டும் தான் ஒத்துவந்தது.

பெயர் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நமக்கு இனிஷியல், ஐ.பி. பதிவிலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, பத்தாவது சான்றிதழில் இன்னொரு வரிசை என்று இருந்தால், நீட் விண்ணப்பத்தில் தொடங்கும் சிக்கல் சான்றிதழ் சரிபார்ப்பு வரை கூடவே வரும். எங்களுக்கு அப்படி இருந்தது, ஆதாரைத் திருத்தி முடிக்கும்வரை தூக்கம் இல்லை. ஐ.பி.யில் பெயர் பதியும் நாளுக்கு முன்பே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

காலண்டர்தான் இன்னொரு இடி. மே மாத ஐ.பி. தேர்வுகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை போகும். நீட் 2024-இல் மே 5, 2025-இல் மே 4, இரண்டும் மே முதல் ஞாயிறு. அதாவது ஐ.பி. தேர்வுகளுக்கு நடுவில். அதனால் நீட் பாடத்தை மார்ச்சுக்குள் முடித்துவிட்டு, ஏப்ரலில் திருப்புதல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மே மாதம் நம் மலைக்கு சீசன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்குபவை கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள், கோத்தகிரி ரோட்டில் வண்டி நகராது. மதியம் 2 மணித் தேர்வுக்கு 1.30-க்கு கேட்டை மூடிவிடுவார்கள். காலையில் கிளம்பினால் போதும் என்று நினைக்கவே வேண்டாம். தேர்வு மையம் கோயம்புத்தூரில் என்றால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள், கீழே இருக்கும் சூட்டுக்கும் உடம்பு கொஞ்சம் பழகும். கொடைக்கானல்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன், வத்தலக்குண்டு ரோடும் மே மாதத்தில் இப்படித்தான்.

தேர்வு முடிந்தால் ஜூன். தமிழ்நாட்டு கவுன்சிலிங் விண்ணப்பம் 2025-இல் ஜூன் மாதமே தொடங்கியது, ஐ.பி. முடிவு வருவதோ ஜூலை முதல் வாரம். பள்ளியிலிருந்து பிரெடிக்டட் கிரேடு (எதிர்பார்க்கும் மதிப்பெண்) கடிதமும் படிப்புச் சான்றும் மே மாதமே வாங்கி வைத்துக்கொண்டு, முடிவு வராத நிலையில் எப்படிப் பதிவது என்று கவுன்சிலிங் நடத்தும் மாநிலத் தேர்வுக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். முடிவு வந்த அன்றே ஏ.ஐ.யூ.வில் சமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரிகளில் 85 சதவீதம் மாநிலத்துக்கு, 15 சதவீதம் அகில இந்தியாவுக்கு. 2022-இல் திறந்த ஊட்டி மருத்துவக் கல்லூரியின் 150 இடங்களும் இப்படித்தான் பிரியும். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்குங்கள், இடையில் ஒரு வருஷம் வெளியே படித்திருந்தாலும் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. சாதிச் சான்றிதழ் இரண்டு வேண்டும்: மாநில கவுன்சிலிங்குக்கு பி.சி., எம்.பி.சி. சான்றிதழ், அகில இந்திய இடத்துக்கு மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் இல்லாச் சான்று. பிள்ளையிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள், 2021 மார்ச் 4-க்குப் பிறகு வாங்கியது என்றால் என்.ஆர்.ஐ. இடங்களுக்கு மட்டும்தான் போட்டியிட முடியும்.

வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து டாக்டராக வேலை செய்ய நினைத்தாலும் நீட் தகுதி பெற்றிருக்க வேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில். அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், திரும்பி வந்தபின் இங்கே இன்னும் 12 மாதம். இங்கிலாந்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் அங்கே மருத்துவம் சேருவதற்கான யூகேட் நுழைவுத் தேர்வு எழுதி, அக்டோபர் 15-க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும், அதாவது பன்னிரண்டாவது தொடங்கிய சில வாரத்திலேயே.

ஒரு ஃபைலில் இதையெல்லாம் இப்போதே அடுக்கத் தொடங்குங்கள்: ஆதார், பத்தாவது சான்றிதழ், 6 முதல் 12 வரையான படிப்புச் சான்றுகள், இரண்டு சாதிச் சான்றிதழ்கள், ஏ.ஐ.யூ. பதில்கள், நான்-ரெகுலர் டிப்ளமோ அனுமதிக் கடிதம். கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள், கோஆர்டினேட்டர் ஊரில் இருக்கும்போதே கையெழுத்தும் முத்திரையும் போட்ட பிரதி ஒன்று வாங்கிவிடுங்கள், ஜூலையில் பள்ளிக்கு விடுமுறை.